கல்கோட்டை மேஸ்திரி

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

எப்படி இருக்கிறாய்? குளிர் வந்தாலே உனக்கு நெஞ்சில் சளி கட்டும். காதை மூடிக்கொண்டு வெளியே போ. இங்கே நானும் அண்ணனும் சுகம்.

போனில் பேசாமல் மெயில் எழுதுகிறாளே என்று நினைக்காதே. நம் வீட்டில் இருப்பது ஒன்றரை அறை. அந்தப் பக்கம் நீ தும்மினால்கூட இந்தப் பக்கம் அண்ணன் காதில் விழும். உன் குரல் என்று தெரிந்தாலே ஹெட்போனை மாட்டச் சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்கிறான்.

நீங்கள் இரண்டு பேரும் பேசாமல் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. சொத்துத் தகராறா, கல்யாணத் தகராறா? ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. இதை லேபில் யாரிடமாவது சொன்னால் வாயிலிருக்கும் டீயைத் துப்பிவிடுவார்கள். அதனால் கேட்கிறேன். அவன் ஆடும் கல்கோட்டைக்கும், நீ வேலை பார்க்கும் அந்த வான்தீவுக்கும் அப்படி என்னதான் வித்தியாசம்? எனக்குப் புரிகிற மாதிரி எழுது. பல்செட் செய்கிறவளுக்குச் சொல்வதுபோல.

இன்னொன்று. சும்மா தெரிந்துகொள்ளத்தான். சண்டை நடக்கும்போது ஒரே சமயத்தில் மூன்று பட்டனை அழுத்த வேண்டியிருந்தால், எந்த விரலை எங்கே வைப்பார்கள்?

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

ஜனவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். சளி இல்லை. காதை மூடிக்கொண்டுதான் போகிறேன். அண்ணனுக்குக் கால் எப்படி இருக்கிறது? நோய் இடுப்புக்கு மேலே ஏறவில்லை என்று டாக்டர் சொன்னதாகப் போன தடவை சொன்னாய். இப்போதும் அப்படித்தானே?

கல்கோட்டையில் நீ செத்தால் கையில் இருப்பது எல்லாம் போச்சு. வாள், கவசம், ஆறு மாதம் சேர்த்த மரம் இரும்பு, எல்லாம் கொன்றவனுக்கு. அதனால் தனியாக ஒருவன் வாசலைத் தாண்ட முடியாது. ஒருவன் மரம் வெட்டினால் ஒருவன் காவல் நிற்கவேண்டும், அதனால் படை படையாகத்தான் ஆடுவார்கள். அந்தப் படைகளில் பெரிய படை நம் அண்ணனுடையது. இன்றைக்கும் இருநூறு பேர் அவனை "மேஸ்திரி" என்றுதான் கூப்பிடுவார்கள். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவனுக்கு அந்தப் பேர் எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது.

வான்தீவில் செத்தால் தூசி தட்டிக்கொண்டு எழுந்துவிடலாம். யார் துணையும் வேண்டாம். மேகம், அருவி, பறக்கும் படகு. குறி தவறினால் விளையாட்டே கொஞ்சம் திருத்திக்கொடுக்கும். எனக்கு அது பிடித்திருந்தது. நான் போனேன், என் பின்னால் படையில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். நான் கூப்பிடவில்லை அக்கா, சத்தியமாக. அப்புறம் வேலையும் அங்கேயே கிடைத்தது. ஆடுகிறவர்களின் புகார்களைப் படிக்கும் வேலை.

அப்போது அண்ணன் ஃபோரத்தில் ஒரு பதிவு போட்டான். குறியைத் திருத்திக்கொடுப்பது ஆட்டமே இல்லை என்று ஆரம்பித்து, கடைசியில் ஒரு வரி: "கை ஓடாதவன் களத்துக்கு வராதே." கோட்டைக்காரர்களுக்கு அது கொடியாகிவிட்டது. பனியனில் அச்சடித்துப் போட்டுக்கொள்கிறார்கள். எங்களை ஓடுகாலிகள் என்பார்கள். எங்கள் ஆட்கள் அவர்களைப் பாசி பிடித்தவர்கள் என்பார்கள். காலையில் எழுந்து பல் தேய்ப்பதற்கு முன்னாலேயே ஒருவரை ஒருவர் திட்டிவிட்டுத்தான் மற்ற வேலை.

விரல் கேட்டாயே. மோதிர விரல், நடுவிரல், ஆள்காட்டி. கட்டைவிரல் கீழே நீளப் பட்டனில். சுண்டுவிரலை வெறுமனே விட்டுவிடக்கூடாது, அதற்கும் வேலை உண்டு. என்ன, களத்தில் இறங்கப்போகிறாயா?

அண்ணனிடம் நான் கேட்டதாகச் சொல். சொல்ல முடிந்தால்.

தம்பி

பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

பதில் எழுதத் தாமதம். கோபித்துக்கொள்ளாதே. லேபில் வேலை குவிந்துவிட்டது. ஒரு பெரியவர் நாலு தடவை பல்செட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார். சிரித்தால் தன் முகம் தன் முகமாகவே இல்லையாம். மெழுகைச் சீவிச் சீவி என் நகமெல்லாம் மெழுகு.

நீ கேட்டதாக அண்ணனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, நான் கேட்காமலே சொன்னான்: "செத்தாலும் ஒண்ணும் போகாதுன்னா அப்புறம் பயம் எதுக்கு? பயமே இல்லைன்னா பக்கத்துல இன்னொருத்தன் எதுக்கு? அவன் போனது எனக்குக் கோபம் இல்ல. நான் தேவைப்படாத எடத்துக்குப் போனான் பாரு, அதுதான்."

அதை உனக்கு எழுதலாமா வேண்டாமா என்று யோசித்ததிலும் கொஞ்ச நாள் போனது.

அவன் கொஞ்சம் மெலிந்திருக்கிறான். மற்றபடி வழக்கம்போல. நீ ஸ்வெட்டர் வாங்கினாயா?

அக்கா

மார்ச் 1

அன்புள்ள அக்காவுக்கு,

வாங்கினேன். சாம்பல் கலர். இங்கே எல்லாருடையதும் சாம்பல் கலர்தான், ஆபீஸில் மாற்றிப் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள்.

ஒன்று சொல்கிறேன், அண்ணனுக்குத் தெரியவேண்டாம். என் பழைய கல்கோட்டைக் கணக்கை நான் மூடவே இல்லை. சனிக்கிழமைகளில் யாருக்கும் தெரியாமல் போய், குன்றின் மேல் உட்கார்ந்து அவன் படை சண்டை போடுவதைப் பார்ப்பேன்.

அண்ணன் மாறிவிட்டான் அக்கா. முன்பெல்லாம் எதிரி நினைப்பதற்குள் வெட்டிவிடுவான். இப்போது ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் ஒரு மூச்சு நிற்கிறான். போன வாரம் ஒரு புதுப் பையனை வீழ்த்திவிட்டு, அவன் சாமான்களையெல்லாம் அவன் காலடியிலேயே திருப்பி வைத்துவிட்டுப் போனான். அண்ணனா இது! எனக்கு அழுகையே வந்துவிட்டது. வயதானால் மனசு இளகும் என்கிறார்களே, அதுவா?

எங்கள் ஆட்கள் அதைப் படம் பிடித்து "மேஸ்திரிக்குக் கை நடுங்குது" என்று ஃபோரத்தில் போட்டுச் சிரிக்கிறார்கள். "அதை எடுங்கடா" என்றேன். "உளவாளி" என்று என்னையே நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். சம்பளம் வாங்கும் இடத்திலும் எனக்கு மரியாதை இல்லை, பிறந்த வீட்டிலும் இல்லை.

அண்ணனை நன்றாகப் பார்த்துக்கொள்.

தம்பி

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

உட்கார்ந்துகொண்டு படி.

நீ குன்றின் மேலிருந்து பார்த்தது அண்ணனை இல்லை. என்னைத்தான்.

மழைக்காலத்தில் அவனுடைய வலது கை போனது. பிறகு இடது. முதலில் டம்ளர் நழுவியது, பிறகு மவுஸ். டாக்டர் உன்னிடம் சொல்லச் சொன்னார். அண்ணன் சொல்லக்கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிவிட்டான். உனக்கு மட்டுமில்லை, படையில் யாருக்கும். "கை ஓடாதவன்னு எழுதினவன் நான். எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது?" என்றான்.

அதனால் நான் அவனுடைய நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருவேன். அவன் சொல்வான், நான் அழுத்துவேன். "வலது. ரெண்டு. பொறு... பொறு... இப்ப!" அந்த ஒரு மூச்சு, அவன் வாயிலிருந்து என் விரலுக்கு வருகிற நேரம். ஃபோரத்தில் எழுதுவதும் நான்தான், அவன் சொல்லச் சொல்ல. கெட்ட வார்த்தைகளை மட்டும் விட்டுவிடுவேன்.

அந்தப் புதுப் பையனின் சாமானைத் திருப்பி வைத்தது நானாகச் செய்தது. ஒரு சாயங்காலம் முழுக்கத் திட்டினான். "என் பேரைக் கெடுத்துட்டியே!" என்றான். எனக்கு மனசு வரவில்லை, என்ன செய்வது?

இனி உன்னிடம் மறைக்கத் தெம்பில்லை. அவனிடம் காட்டிக்கொள்ளாதே.

அக்கா

மார்ச் 5

அக்கா,

நலம் விசாரித்து ஆரம்பிக்க மனம் வரவில்லை.

ஸ்டூலில் உட்கார்ந்து உன் முதுகு என்ன ஆகும்? பகலெல்லாம் லேபிலும் குனிந்துதானே உட்காருகிறாய். வருகிறேன் என்று எழுதத்தான் ஆரம்பித்தேன். என் தங்கும் அனுமதி புதுப்பிப்பில் இருக்கிறது. அது வருவதற்குள் நாட்டைத் தாண்டினால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். எப்போது வரும் என்று கேட்டேன். அனுமதி அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்மணி, "வரும்போது வரும்" என்றார்.

ஆனால் ஒரு வழி இருக்கிறது. வான்தீவைக் கண்ணாலேயே ஆடலாம். திரைக்குக் கீழே ஒரு கேமரா வைத்தால் போதும். எங்கே பார்க்கிறாயோ அங்கே உன் ஆள் நடப்பான், கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் வெட்டுவான். அண்ணனுக்குக் கால் போனபோதே, ஒருநாள் இது வேண்டியிருக்கும் என்று பயந்து, ஆபீஸில் மன்றாடி நான்தான் இதைச் சேர்க்க வைத்தேன். எழுத்துப் பலகையும் உண்டு. திரையில் எழுத்துகளைக் கண்ணால் பார்த்துப் பார்த்து மெயில்கூட எழுதலாம். கல்கோட்டைக் கம்பெனியிடமும் கேட்டுப் பார்த்தேன். "எங்கள் ரசிகர்கள் விரும்பமாட்டார்கள்" என்று ஒரு வரி பதில்.

கேமராவை இன்று பார்சலில் போட்டுவிட்டேன்.

ஃபோரத்தில் உண்மையைச் சொல்லட்டுமா? சிரிக்கிற வாய்களை அடைக்கவேண்டும் போலிருக்கிறது.

தம்பி

ஏப்ரல் 18

அன்புள்ள தம்பிக்கு,

உன் உடம்பு எப்படி? ராத்திரி தூங்குகிறாயா? என் முதுகைப் பற்றிக் கவலைப்படாதே, தலையணை வைத்துக்கொள்கிறேன்.

பெட்டி வந்தது. பிரிப்பதற்கு முன்பே அண்ணன் கண்டுபிடித்துவிட்டான். "அவன்கிட்ட சொல்லிட்டியா?" என்றான். நான் பொய் சொல்லவில்லை. பிறகு, "அந்தத் தீவுக்கு நான் போனேன்னு தெரிஞ்சா, இந்த இருநூறு பேரும் எங்கே போவாங்க?" என்றான்.

"நீ இருக்கிறது யாருக்குத் தெரியப்போகுது? வேற பேருல போ" என்றேன்.

"எனக்குத் தெரியுமே" என்றான்.

பெட்டியை அலமாரிக்கு மேலே வைத்துவிட்டேன். ஃபோரத்தில் நீ எதுவும் சொல்லாதே. நீ எதிர்த்தரப்பு. அவன் மேல் பரிதாபத்தை வரவழைத்துப் படையை உடைக்கப் பார்க்கிறாய் என்பார்கள்.

பேச்சு குழறுகிறது. "ரெண்டு" என்கிறானா "மூணு" என்கிறானா என்று சில சமயம் புரிவதில்லை. வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு, கண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு ஆடுகிறேன். லேபில் என்னைக் கழுத்து சுளுக்கியவள் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

அக்கா

ஜூன் 30

அன்புள்ள தம்பிக்கு,

உன் மூன்று மெயிலும் பார்த்தேன். பதில் எழுதாததற்கு வருத்தப்படாதே. எழுத உட்கார்ந்தால் என்ன எழுதுவதென்று தெரியவில்லை.

அண்ணனுக்குப் பேச்சு முழுதாக நின்றுவிட்டது. அன்றைக்குக் கோட்டையின் தெற்கு வாசலில் பெரிய சண்டை. அவன் ஏதோ சொன்னான். காற்றுதான் வந்தது. "என்ன? என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். எல்லாரும் மேஸ்திரி, மேஸ்திரி, என்ன செய்யட்டும் என்று எழுதிக்கொண்டே இருந்தார்கள். வாசல் போய்விட்டது. அவன் கோபப்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்து, அலமாரிக்கு மேலே பார்த்தான். நான் கவனிக்கவில்லை என்று நினைத்து மறுபடியும் பார்த்தான்.

கேமராவை மாட்டிவிட்டேன் தம்பி. மேஸ்திரி கொஞ்ச நாள் வரமாட்டார் என்று படைக்கு எழுதிப்போட்டேன். தீவில் பேரில்லாத ஒரு புது ஆளாகப் போகிறான். முதல் நாள் நேராகச் சுவரில் போய் முட்டிக்கொண்டே இருந்தான். இப்போது அருவி வரைக்கும் தானாக நடக்கிறான். நான் பக்கத்தில் உட்கார்ந்து சும்மா பார்க்கிறேன். என் கைக்கு வேலையே இல்லை. மடியில் வைத்துக்கொள்கிறேன்.

எது அவன் என்று தேடாதே. நீ பார்க்கிறாய் என்று தெரிந்தால் நிறுத்திவிடுவான்.

அக்கா

ஜூலை 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் மெயிலைப் படித்துவிட்டு ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். தேடவில்லை. சத்தியமாகத் தேடவில்லை.

ஆனால் நேற்று கோட்டைக்காரர்கள் முப்பத்தியேழு பேர் கூட்டமாகத் தீவுக்குள் வந்துவிட்டார்கள். தெற்கு வாசல் போனதற்கு எங்கள் ஆட்கள் சிரித்த ஆத்திரம். புதிதாக வருகிறவர்கள் இறங்கும் துறையை அடைத்துக்கொண்டு, இறங்குகிற ஒவ்வொருவரையும் வெட்டினார்கள். தீவில்தான் செத்தால் எழுந்துவிடலாமே. எழுந்தவனை மறுபடி வெட்டினார்கள்.

புகார் வந்ததால் பதிவை ஓட்டிப் பார்த்தேன். பேரில்லாத ஒரு ஆள். மற்ற எல்லாரும் இரண்டு மூன்று தடவையில் ஓடிவிட்டார்கள். இந்த ஆள் மட்டும் ஓடவில்லை. மெதுவாக, மிக மெதுவாக, ஒவ்வொருவர் பக்கமாகத் திரும்பித் திரும்பி நின்றான். யார் முகம் யார் முகம் என்று பார்ப்பதுபோல. "கண்ணால ஆடுறான் போல!" என்று ஒருவன் எழுதினான். உடனே எல்லாரும் சேர்ந்து பனியனில் அச்சடித்த அண்ணனின் வரியை எழுத ஆரம்பித்தார்கள். திரை முழுக்க அதே வரி.

அக்கா, அது அண்ணனா?

ஒரு வார்த்தை சொல். முப்பத்தியேழு பேரையும் ஒரேயடியாக வெளியே போட்டுவிடுகிறேன்.

தம்பி

ஜூலை 14

தம்பி

நலம் என்று எழுதினால் சிரிப்பாய். எழுதுகிறேன். நலம்.

கண்ணால் எழுதுகிறேன். அக்கா திறந்து வைத்த உன் மெயிலைப் படித்தேன். அவள் பார்க்கவில்லை.

அது நான்தான்.

அவர்களை வெளியே போடாதே. நன்றாக ஆடினார்கள். தப்பிக்க இடைவெளி விடாமல் நின்றார்கள். நான் சொல்லிக்கொடுத்தது. வரியும் நான் எழுதியது. எழுதும்போது கை இருந்தது.

அவர்களுக்குக் கோட்டையில் தலைவன் இல்லை. சும்மா இருக்க முடியாமல் வந்திருக்கிறார்கள். வெளியே போட்டால் எங்கே போவார்கள்.

உன் தீவில் அருவி நன்றாக இருக்கிறது. யாருக்கும் யாரும் வேண்டாத ஊர். அதுதான் பிடிக்கவில்லை. மற்றபடி பரவாயில்லை.

நீ போனபோது வாசல் வரைக்கும் வந்திருக்கலாம் நான். அப்போது கால்

கண் எரிகிறது. மீதி நாளை.

ஜூலை 29

அன்புள்ள அக்காவுக்கு,

அண்ணன் உனக்குத் தெரியாமல் கண்ணாலேயே எனக்கு ஒரு மெயில் எழுதினான், அவர்களை வெளியே போடாதே என்று. மீதி நாளை என்றான், வரவில்லை. தினமும் பார்க்கிறேன். கண் எப்படி இருக்கிறது?

நடந்துவிட்டது அக்கா. முப்பத்தியேழு பேரையும் வெளியே போட்டாயிற்று, ஆனால் நான் போடவில்லை. ஒரே நாளில் இத்தனை புகார் வந்தால் மெஷினே முடக்கிவிடும் என்று ஒரு விதி. என் மேலதிகாரியிடம் போனேன். அவருக்கு மேலே இருப்பவரிடம் போனேன். "உங்க சொந்தக்காரங்களா?" என்று கேட்டார். என்ன சொல்வேன்? இல்லை என்றேன்.

அதோடு முடியவில்லை. கல்கோட்டைக் கம்பெனியும், எதற்கு வம்பு என்று, அந்த முப்பத்தியேழு பேரையும் அங்கேயும் முடக்கிவிட்டது. மீதிப் பேர் தலைவனும் இல்லை, தளபதிகளும் இல்லை என்று கலைந்துவிட்டார்கள். சனிக்கிழமை குன்றின் மேல் ஏறிப் பார்த்தேன். தெற்கு வாசலில் ஒருவருமில்லை. ஃபோரத்தில் மட்டும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள், மேஸ்திரி திரும்பி வந்தால் எங்களைப் பார்த்துப் பெருமைப்படுவார் என்று. என் கை பரபரத்தது. ஒன்றும் எழுதவில்லை.

அவன் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அதைக்கூட என்னால் செய்ய முடியவில்லை. அண்ணனிடம் சொல்லவேண்டுமா? நீ சொல்கிறபடி.

அனுமதி இன்னும் வரவில்லை.

தம்பி

ஆகஸ்ட் 21

அன்புள்ள தம்பிக்கு,

நீ அழுதுகொண்டிருப்பாய் என்று தெரியும். முதலில் முகத்தைக் கழுவிக்கொண்டு வா.

அண்ணனுக்கு இமை தளர்ந்துவிட்டது. கேமராவுக்கு இப்போது அவன் கண் பிடிபடுவதில்லை. ஒரு வாரம் போராடிப் பார்த்துவிட்டுத் திரையை எடுத்து வைத்துவிட்டேன். இனி மெயில் வராது. டாக்டர் வந்தார், பார்த்தார், என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். மேலே பார்த்தால் ஆமாம், பக்கவாட்டில் பார்த்தால் இல்லை. இவ்வளவுதான் இப்போது எங்களுக்குள் பேச்சு.

திரை இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "தண்ணியா? தலையணையா?" என்று கேட்டுக் கேட்டுக் கடைசியில், "உன் ஆளுங்களா?" என்றேன். மேலே பார்த்தான்.

"எல்லாரும் கோட்டையிலேயே இருக்காங்க. தம்பி யாரையும் வெளியே போடல" என்றேன். வாயில் வந்துவிட்டது. நீ கோபித்துக்கொண்டாலும் சரி.

அதோடு விட்டானா? அப்புறம் என்ன என்பதுபோல என்னையே பார்க்கிறான். அதனால் லேபிலிருந்து வந்ததும் தினமும் ஒரு சண்டை சொல்கிறேன். தெற்கு வாசலைத் திரும்பப் பிடித்துவிட்டோம். போகிற வழியில் பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்து வைத்துக்கொள்வேன். நான் தப்பாகப் படையை நகர்த்தினால் கண்ணைப் பக்கவாட்டில் ஓட்டுகிறான். திருத்திக்கொள்கிறேன்.

நேற்று ஒரு பாலத்தில் வந்து மாட்டிக்கொண்டோம். குறுகலான பாலம், இரண்டு பேர்தான் முன்னால் நிற்க முடியும். ஒருவன் மேஸ்திரி. "பக்கத்துல யாரை நிறுத்தட்டும்?" என்று கேட்டு, படையில் எனக்குத் தெரிந்த பேரையெல்லாம் சொன்னேன். எதற்கும் கண் அசையவில்லை. தூங்கிவிட்டான் என்று நினைத்தேன்.

"தம்பியையா?" என்றேன்.

மேலே பார்த்தான்.

அதனால் நீ இப்போது பாலத்தில் நிற்கிறாய். எதிரே நிறையப் பேர் வருகிறார்கள். இந்த மாதிரி இடத்தில் நீ என்ன செய்வாய் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் தப்பாகச் சொன்னால் அவன் கண்டுபிடித்துவிடுவான். சாயங்காலத்துக்குள் எழுது.

அக்கா